நார்ட்டன வாங்குனாங்க சரி, பார்ட்ஸ் யாரு குடுப்பாங்க?

நவம்பர் 8, 2025

நார்ட்டன்ங்கற பழைய இங்கிலாந்து பைக் கம்பெனிய ஓசூர் டிவிஎஸ்காரங்க வாங்குனதப் பத்தி கோபி பக்கத்துல இருந்து ஒரு தம்பி எழுதுனத ஒரு எழுத்து மாத்தாம போடறேன்: "அண்ணா, ஓசூர்க்காரங்க இங்கிலாந்துல போயி நார்ட்டன வாங்கி அஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சு. இப்பத்தான் மிலன் கண்காட்சில புது வண்டிங்கள காட்டிருக்காங்க. எக்ஸெல் விக்கற கம்பெனிக்கு வெள்ளைக்காரன் பேரு எதுக்குங்ணா? சொந்தப் பேருல பண்ணா ஆகாதா? செத்த கம்பெனிக்கு காசு குடுக்கறது வீண்தானுங்க?"

வீண்னு நான் சொல்ல மாட்டேன் தம்பி. ஆனா பேருக்கு காசு குடுத்தாங்கன்னு அதோட நிறுத்திட்டா கணக்கு ஒதைக்கும். 2020 ஏப்ரல் 17, நாடே லாக்டவுன்ல கெடக்கு, ஈரோட்டு மஞ்ச மண்டில இருந்து திருப்பூரு பனியன் கம்பெனி வரைக்கும் ஷட்டர் எறங்கிக் கெடக்கு, அன்னைக்கு டிவிஎஸ் மோட்டார் 1 கோடியே 60 லட்சம் பவுண்ட் ரொக்கமா குடுத்து நார்ட்டன எடுக்கறாங்க. நம்ம காசுல 153 கோடி. அதுலயும் அவங்க எடுத்தது கம்பெனியோட சொத்த மட்டுந்தான், கம்பெனிய இல்ல. பேரு, டிசைன், கொஞ்சம் மெஷினு, அரைகுறையா நின்ன வண்டிங்க. பழைய கம்பெனி அந்த ஜனவரி மாசக் கடைசிலயே திவால் நிர்வாகத்துக்குப் போயிருச்சு.

முன்ன இருந்த ஓனரு 2008ல பேர வாங்கி, டோனிங்டன் பார்க் ரேஸ் டிராக்குகிட்ட பட்டறை போட்டு, ஆளுங்ககிட்ட அட்வான்ஸ் வாங்கி வண்டி குடுக்காம இழுத்து, கடைசில பென்சன் பணத்த சொந்த கம்பெனில போட்டதுக்கு கோர்ட்டு வரைக்கும் போயி குத்தத்த ஒத்துக்கிட்டாரு. இத்தன அக்கப்போரோட வந்த பேருதான் அது.

வாங்குனதுக்கு அப்பறம் நடந்தத யாரும் பெருசா பேசறதில்ல. பழைய ஆளுங்க செஞ்சு வித்த வி ஃபோர் (V வடிவத்துல நாலு சிலிண்டர் எஞ்சின்) வண்டிய சோதிச்சுப் பாத்தா 35 குறை. ஓட்டாதீங்கன்னு ஓனருங்களுக்கு தகவல் குடுத்தாங்க. இங்கிலாந்துல சோலிஹல்ங்கற ஊர்ல புது ஃபேக்டரி போட்டு 2021 நவம்பர்ல திறந்தாங்க. 2022ல இன்னும் 10 கோடி பவுண்ட் போடறோம்னாங்க. பேரு 1.6 கோடி, முட்டுவழி 10 கோடி. நம்மூர்ல பூமி வாங்கறவனுக்கு இந்தக் கணக்கு சொல்லித்தர வேண்டியதில்ல, கரடு வாங்கி போர் போட்டு தண்ணி பாத்து வேலி கட்டி முடிக்கறப்ப பூமி வெலை ஞாபகமே இருக்காது.

நவம்பர் 8, ராத்திரி

அதே தம்பி, "நார்ட்டன்னா அப்படி என்ன பெருசுங்ணா?"ன்னு திருப்பி கேக்கறாப்ல. சுருக்கமா சொல்றேன், தூக்கம் வருது. 1898ல பர்மிங்காம்ல ஆரம்பிச்சது. 1907ல ஐல் ஆஃப் மேன் தீவுல டிடி பைக் ரேஸ் மொத மொத நடந்தப்ப ரெட்டை சிலிண்டர் வகுப்புல ஜெயிச்சது நார்ட்டன் வண்டி. 1950ல ஃபெதர்பெட் ஃபிரேம்னு ஒண்ணு கொண்டாந்தாங்க, வண்டி வளைவுல எப்படி நிக்கணும்னு மத்த கம்பெனிக்காரங்க அதப் பாத்துத்தான் கத்துக்கிட்டாங்க. 1967ல கமாண்டோ. எஞ்சின ரப்பர்ல உக்கார வெச்சு அதிர்வு தெரியாம பண்ணாங்க. சே குவேரா 1952ல தென் அமெரிக்காவ சுத்தக் கெளம்புனதும் நார்ட்டன் 500லதான், அது பாதி வழில படுத்துருச்சு. சட்டைல சே படம் போட்டுட்டு காந்திபுரத்துல சுத்தற பசங்க எத்தன பேருக்கு இது தெரியும்னு தெரியல.

நவம்பர் 9

காலைல டீக்கடைல இதே பேச்சு. மில்லு வேலைல இருந்து ரிட்டயர்டு ஆன மாமா ஒருத்தரு கேட்டுட்டு சிரிச்சாரு. "ஏஞ்சாமி, பஸ் பெர்மிட் வாங்கறவன் என்ன பண்றான்?"

யோசிச்சா அதேதான். தாராபுரம் ரூட்லயோ சத்தி ரூட்லயோ ஒரு பஸ் கை மாறும், ஓனரு மாறுவான், டிரைவர் மாறுவான், பாடி புதுசா கட்டுவான், பேரு மட்டும் அப்படியே இருக்கும். ஏன்னா ஸ்டாப்புல நிக்கற அம்மிணி எழுத்துக்கூட்டி படிக்கறதில்ல, அந்தக் கலரு, அந்த ஆரன் சத்தம், 7.10 வண்டின்னா இந்தப் பேருன்னு மனசுல ஒட்டிருக்கு. பேர மாத்துனா வசூல் படுத்துரும். ஆனா அதே மாமா இன்னொண்ணும் சொன்னாரு, பேரு பழசா இருந்தும் 7.10 வண்டி 7.40க்கு வர ஆரம்பிச்சா ஒரே மாசத்துல எல்லாரும் அடுத்த வண்டிக்கு மாறிருவாங்க. பேரு ஏத்தி விடும், அடுத்த நாளும் ஏறணும்னா வண்டி நேரத்துக்கு வரணும்.

நேத்து எழுதுனத படிச்சுட்டு, "எக்ஸெல்ல எகத்தாளமா பேசறீங்களா"ன்னு ஒருத்தரு கோவிச்சுட்டாரு. அய்யா, தம்பி கேட்டத போட்டேன், அவ்வளவுதான். எங்க அப்புச்சி தேங்காய் மூட்டை, வாழத்தாரு, பால் கேனு, ஒரு தடவ நோய் வந்த கன்னுக்குட்டி வரைக்கும் அந்த வண்டில கொண்டு போயிருக்காரு. 1980ல டிவிஎஸ் பிப்டி வந்தப்ப, ரெண்டு பேரு உக்காரலாங்கறதே அந்த சைஸ் வண்டில அதிசயம். எக்ஸெல் ஹன்ட்ரட் 2015ல ஃபோர் ஸ்ட்ரோக்கா வந்துச்சு, இன்னைக்கும் காங்கேயம் சந்தைக்குப் போயி நின்னு பாருங்க, மத்த வண்டிய எண்ணிச் சொல்லிரலாம்.

அது ஏன் ஓடுது? ஒரு கேபிள் அறுந்தா, செயின் ஸ்பிராக்கெட் தேஞ்சா, கிளட்ச் ஷூ போனா, மூலனூர்ல இருக்கற சைக்கிள் கடைல கூட தொங்கவிட்டிருப்பான். நார்ட்டனுக்கு கடைசி நாப்பது வருசமா இல்லாதது அதுதான். ஓசூருக்கு நார்ட்டன்ல இருந்து கெடைச்சது கெத்து. நார்ட்டனுக்கு ஓசூர்ல இருந்து கெடைக்க வேண்டியது இந்தக் கேபிள் சமாச்சாரம். நான் பாக்கறது இதத்தான், மத்ததெல்லாம் பேப்பர்காரங்க பாத்துக்கட்டும்.

நவம்பர் 12

நான் ஏன் பார்ட்ஸ் பார்ட்ஸ்னு பொலம்பறேன்னு கேட்டீங்க. எங்க பெரிய மாமனோட எஜ்டி பைக்கு இப்ப எங்கிட்ட இருக்கு. மைசூர் ஐடியல் ஜாவாவுல செஞ்ச வண்டி, சாம்ராஜ்நகர் தாண்டி திம்பம் 27 கொண்டை ஊசி வளைவு எறங்கி சத்திக்கு ஓட்டிட்டே வந்தாராம், பண்ணாரி அம்மன் கோயில்ல தேங்கா ஒடச்சுட்டுத்தான் வீட்டுக்கு வந்தாராம். பாதி கதை, பாதி உண்மை, அவரு இல்ல இப்ப கேக்கறதுக்கு.

தெரியாதவங்களுக்கு: செக்கோஸ்லோவாகியால 1929ல யானெசெக்னு ஒருத்தரு ஆரம்பிச்சது ஜாவா. அத மைசூர்ல 1961ல இருந்து ஐடியல் ஜாவா செஞ்சாங்க, லைசென்ஸ் முடிஞ்சதுக்கு அப்பறம் 1973ல எஜ்டின்னு பேர மாத்திட்டாங்க. எஞ்சின் அதே டூ ஸ்ட்ரோக் 250. கிக்கரும் கியர் லிவரும் ஒரே லிவரு, ஸ்டார்ட் பண்ணிட்டு முன்னாடி சாச்சு விட்டா அதே கியர் ஆயிரும். ஒரு சிலிண்டருக்கு ரெண்டு சைலன்சர். 1996ல ஃபேக்டரி மூடிட்டாங்க.

மூடுனதுக்கு அப்பறமும் வண்டி ஓடுச்சு பாருங்க, அங்கதான் விசயம் இருக்கு. எங்க மாமன் உக்கடத்துல பழைய சாமான் கடைங்கள்ல அலைஞ்சு கிராங்க் எடுப்பாரு, கனெக்டிங் ராட் கிட்டு எவனோ தனியா பண்ணிட்டு இருப்பான், புஷ்ஷு எங்க லேத்துலயே கடைஞ்சுக்குவோம். நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே அந்த வண்டியாலதான்னு வீட்டுல திட்டுவாங்க. குறிச்சி பக்கம் ஜாப் ஒர்க் பண்றேன், பம்பு கம்பெனிக்கு ஷாஃப்ட்டு, ஸ்லீவு. மத்தியான கேப்புல எஜ்டி சாமான். கோயமுத்தூர்ல ஒரு சாமான மாதிரி குடுத்தா சாயங்காலத்துக்குள்ள அதே மாதிரி பண்ணித்தர ஆளு இருக்கறதால எத்தனயோ செத்த கம்பெனி வண்டிங்க இந்த ஜில்லாவுல இன்னும் உசுரோட இருக்கு. அந்தப் புண்ணியத்துல கம்பெனிக்காரனுக்கு பைசா பங்கு கெடையாது.

2018 நவம்பர்ல மஹிந்திராவோட கிளாசிக் லெஜண்ட்ஸ் ஜாவாவ திரும்ப கொண்டாந்தாங்க. 2022ல எஜ்டி. கம்பெனி ஆரம்பிச்சவங்கள்ல பொமன் இரானியும் ஒருத்தரு, மைசூர் ஃபேக்டரி போட்ட ரஸ்டம் இரானியோட பையன். அதனால ரத்தத் தொடர்பும் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா அப்ப வந்த புது ஜாவா 293 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக், ரேடியேட்டர் வெச்சது. டேங்க் வளைவு, மட்கார்டு, சைலன்சர் முனை எல்லாம் அச்சு அசல் பழசு, உள்ள ஒரு நட்டு கூட எங்க மாமன் வண்டிக்கு சேராது. சேரணும்னு சட்டம் இல்ல. டூ ஸ்ட்ரோக் இன்னைக்கு புகைச் சட்டத்துக்கு நிக்காது, அதெல்லாம் சரி. பாரம்பரியம்னு போர்டு வெச்சு விக்கறப்ப பழைய வண்டிக்காரனுக்கு ஒரு பிஸ்டன் ரிங்காவது பண்ணித் தரலாமில்லைங்க? அச்சு அடிக்க எவ்வளவு ஆகிரப் போகுது.

நவம்பர் 12, கொஞ்ச நேரம் கழிச்சு

ஜாவாக்காரங்க ரெண்டு பேரு சண்டைக்கு கெளம்பிட்டாங்க. "புது வண்டி நல்லா ஓடுது, நீங்க ஓட்டிப் பாத்தீங்களா?" ஓட்டிப் பாத்தேன், பல்லடம் ரோட்டுல. நல்லா இருந்துச்சு. கேள்வியே அது இல்லைங்க.

நவம்பர் 13

எதிர்பாத்த மாதிரியே புல்லட் கோஷ்டி வந்துருச்சு. "ராயல் என்ஃபீல்டு எப்படி ஜெயிச்சுது அப்ப?"

அது வாங்குன கதையே இல்ல, அது இருந்துட்டே இருந்த கதை. 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்துல ரெட்டிச்சு ஊர் ராயல் என்ஃபீல்டுக்காரங்களும் சேந்து என்ஃபீல்டு இந்தியா. பட்டாளத்துக்கும் போலீசுக்கும் புல்லட் 350. மொதல்ல சாமான் கப்பல்ல வந்து இங்க பூட்டுனாங்க, அப்பறம் அச்சும் டையும் இங்கயே வந்துருச்சு, திருவொற்றியூர்ல முழுசா செஞ்சாங்க. இங்கிலாந்துல 1970ல கடைய சாத்திட்டாங்க. இங்க நிறுத்தவே இல்ல. 1977ல மெட்ராஸ்ல இருந்து இங்கிலாந்துக்கே புல்லட்ட ஏத்துமதி பண்ணாங்க, அம்மா வீட்டுக்கு சீர் கொண்டு போன மாதிரி. ஐசர் கம்பெனி 1990ல உள்ள வந்து 1994ல முழுசா எடுத்தாங்க, அதுக்கப்பறமும் 2000 வாக்குல மூடிரலாமான்னு யோசிச்ச நெலமை இருந்துச்சு.

நிறுத்தாம செஞ்சதால என்ன ஆச்சுன்னா, பெருந்துறைல இருக்கற மேஸ்திரிக்கு அப்பன் சொல்லிக்குடுத்த டேப்பெட் செட்டிங் பையனுக்கும் ஒதவுச்சு. கியர் வலது பக்கம் பிரேக் இடது பக்கம்னு இருந்தது மாறுனப்ப நாலு வருசம் சண்டை போட்டாங்க, அப்பறம் ஓட்டிட்டாங்க. சங்கிலி அறுபடல. காசு குடுத்து வாங்க முடியாத சரக்கு அது ஒண்ணுதான்.

ஒரு லொள்ளு சங்கதி. அமெரிக்காவுல இந்தியன்னு ஒரு கம்பெனி, 1901ல ஆரம்பிச்சது, 1953ல செய்யறத நிறுத்திருச்சு. பேரு கை மாறி, 1955ல இருந்து சில வருசம் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டுக்கு டேங்க்ல "இந்தியன்"னு எழுதி அமெரிக்காவுல வித்துருக்காங்க. அதே காலத்துல நெசமான இந்தியன் திருவொற்றியூர்ல புல்லட் செஞ்சுட்டு இருந்தான்.

நவம்பர் 16, ஞாயிறு

இன்னைக்கு பட்டறை லீவு, அதனால நீட்டி எழுதறேன், பொறுத்துக்குங்க.

பேரு வாங்கறதுல ஒழுங்கா பண்ண ஆளுன்னா எனக்கு இங்கிலாந்து பைக் கம்பெனி ட்ரையம்ஃப்தான் தோணுது. 1983ல கம்பெனி திவால் ஆச்சு. வீடு கட்டி விக்கற ஜான் ப்ளூர்ங்கறவரு பேரையும் உரிமையையும் வாங்குனாரு. வாங்குன ஒடனே விளம்பரம் குடுக்கல. புது ஃபேக்டரிக்கு ஹிங்க்லில எடம் பாத்து, ஜப்பானுக்கு ஆள அனுப்பி எப்படி செய்யறாங்கன்னு பாக்கச் சொல்லி, 1990 வரைக்கும் வாயத் தொறக்கல. அதுவரைக்கும் பழைய பானவில் வண்டிய செய்ய லைசென்ஸ் குடுத்தது லெஸ் ஹாரிஸ்ங்கற ஆளுக்கு. அந்த மனுசன் தொழிலே பழைய வண்டிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் பண்றதுதான். டெவன் பக்கம் சின்ன பட்டறைல 1985ல இருந்து 1988 வரைக்கும் பானவில் பூட்டிக் குடுத்தாரு. பேரும் தெருவுல ஓடிட்டு இருந்துச்சு, புது வண்டியும் அவசரமில்லாம வளந்துச்சு. பார்ட்ஸ் கடைக்காரன்கிட்ட சாவிய குடுத்துட்டுப் போனாரு பாருங்க, அந்த ரோசனை எனக்கு ரொம்பப் புடிக்கும்.

நார்ட்டன்லயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு, ஆனா வீட்டுக்கு வெளிய. பழைய கமாண்டோவுக்கு சாமான் வேணும்னா இன்னைக்கும் ஆண்டோவர் நார்ட்டன்னு இங்கிலாந்துல தனி கம்பெனி இருக்கு, எழுபதுகள்ல பழைய நார்ட்டன் ஆளுங்க வழியா வந்த பார்ட்ஸ் பிரிவு. பழைய டிராயிங்க வெச்சு புதுசா பண்ணி விக்கறாங்க. டிவிஎஸ்காரங்களுது இல்ல அது. ஆக, ஓசூர்கிட்ட இருக்கறது பேரு, ஓடற பழைய வண்டிங்கள காப்பாத்தறது ஆண்டோவர். 153 கோடி குடுத்தப்ப இதையும் ஒரு பக்கமா சேத்து இழுத்திருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். என்னோட நிம்மதிக்கா அவங்க தொழில் பண்றாங்க, அது வேற.

இன்னொரு பக்கம் போலாரிஸ் கதை. அமெரிக்காவுல விக்டரின்னு சொந்தமா 1998ல பைக் ஆரம்பிச்சு வளத்துட்டு இருந்தாங்க. 2011ல இந்தியன்ங்கற பழைய பேர வாங்குனாங்க. 2017 ஜனவரில விக்டரிய மூடிட்டாங்க. ஒரே வீட்டுல ரெண்டுக்கும் சோறு போட முடியல, பெத்தத விட தத்து எடுத்தது மேலாப் போச்சு. அப்பறம் என்ன ஆச்சு தெரியுங்களா, போன மாசம் அந்த இந்தியன்லயே பெரும்பங்க வேற ஆளுங்களுக்கு விக்கறோம்னு போலாரிஸ் அறிவிச்சுட்டாங்க. விக்டரி வாங்குனவன நெனச்சுப் பாருங்க. நம்ம தம்பி "சொந்தப் பேருல பண்ணா ஆகாதா"ன்னு கேட்டாரில்ல, சொந்தப் பேருல பண்ணி பதினெட்டு வருசம் ஓட்டுனவங்க கதை இதுதான்.

டிவிஎஸ் அந்த வழில போகாதுன்னு நெனைக்கறேன். எக்ஸெல்லும் அப்பாச்சியும் சோறு போடறப்ப நார்ட்டனுக்காக அதுகள யாரு மூடுவா. அதுக்கு முன்னயே பிஎம்டபிள்யூவுக்கு 310 சிசி வண்டி ஓசூர்ல செஞ்சு குடுத்து, வெளிநாட்டுக்காரன் ஃபிட்டிங்ல எத எதிர்பாக்கறாங்கறத கத்துக்கிட்டாங்க. அந்தப் பாடம் ஆன பின்னாடிதான் நார்ட்டன்ல கை வெச்சது.

நவம்பர் 18

ஜி.டி. நாயுடு மியூசியம் பத்தி ஒருத்தரு ஞாபகப்படுத்துனாரு. கோயமுத்தூர்ல இருந்துட்டு அத விட்டுட்டு எப்படி பேசறது. நாயுடு, கலங்கல் கிராமத்துல இருந்து வந்த பையன், வெள்ளைக்கார அதிகாரி ஒருத்தரு ஓட்டிட்டு வந்த ரட்ஜ் மோட்டார்சைக்கிளப் பாத்து கிறுக்குப் புடிச்சு, கோயமுத்தூர் ஓட்டல்ல வேலை செஞ்சு காசு சேத்து, அதே வண்டிய 300 ரூவாய்க்கு வாங்கி, வாங்குனதும் முழுசா கழட்டிப் போட்டு திரும்பப் பூட்டுனாராம். இந்த ஜில்லாவுல எல்லாப் பட்டறைக்காரனுக்கும் அந்தக் கதை தெரியும்.

ரட்ஜ் என்ன ஆச்சு? கடைசில அத வாங்குனது இஎம்ஐ, இசைத்தட்டு கம்பெனி. ரெண்டாம் உலகப் போர் வந்துச்சு, ஃபேக்டரி வேற வேலைக்குப் போயிருச்சு, 1939ஓட பைக் நின்னுருச்சு. இன்னைக்கு அந்தப் பேர யாராச்சும் வாங்கி ஒரு 350 சிசி வண்டில ஒட்டுனா, நம்மூர்க்காரன் ஒருத்தன் ஓட்டல்ல டேபிள் தொடச்சு வாங்குன வண்டின்னு விளம்பரம் கூட பண்ணலாம், எழுதிக்குடுக்க நான் ரெடி, கூலி மட்டும் முன்னாடியே குடுத்துரணும்.

நவம்பர் 23

லேம்ப்ரெட்டா ஸ்கூட்டர் பத்தி கேட்டவருக்கு: பேரு மட்டுமில்லாம சட்டி பானையோட வாங்குனது நம்ம கவர்மெண்டுதான். 1972ல மிலன்ல இருந்து இன்னோசென்டி கம்பெனியோட லேம்ப்ரெட்டா மெஷினு அச்சு எல்லாத்தையும் ஸ்கூட்டர்ஸ் இந்தியா வாங்கி லக்னோவுக்கு கொண்டாந்தாங்க. விஜய் சூப்பர்னு வித்தாங்க, அதே எஞ்சின வெச்சு விக்ரம் ஆட்டோ. எல்லாம் கையில இருந்தும் வண்டிய மாத்தாம அப்படியே செஞ்சுட்டு இருந்து 1997ல ஸ்கூட்டர நிறுத்திட்டாங்க.

இது நான் சொல்லிட்டு வர்ற பேச்சுக்கே ஒதைக்குது பாருங்க. அச்சும் இருந்துச்சு, பார்ட்ஸும் இருந்துச்சு, பேரும் இருந்துச்சு, ஆனாலும் படுத்துருச்சு. அதனால பார்ட்ஸ் இருந்தா போதும்னு நான் சொல்லல. பழைய வண்டிக்காரனுக்கு சாமானும் குடுக்கணும், புதுசா வர்றவனுக்கு வேற வண்டியும் குடுக்கணும். ரெண்டாவது மட்டும் பண்றவங்கதான் இப்ப நெறைய.

பிஎஸ்ஏவும் அப்படித்தான் வந்துருக்கு. 1861ல துப்பாக்கி செய்ய ஆரம்பிச்ச பர்மிங்காம் கம்பெனி, சின்னத்துல மூணு துப்பாக்கி சாச்சு வெச்சிருக்கும். கிளாசிக் லெஜண்ட்ஸ் 2016ல 28 கோடி சொச்சத்துக்கு அந்தப் பேர எடுத்தாங்க. அஞ்சு வருசம் கழிச்சு 652 சிசி கோல்டு ஸ்டார இங்கிலாந்துல காட்டுனாங்க, 2024 ஆகஸ்ட் 15 அன்னைக்கு இங்க வந்துச்சு. வெள்ளைக்காரன் கம்பெனிய வாங்கி சுதந்திர தினத்துல விட்டாங்க, குசும்பு நம்ம கோயமுத்தூருக்கு மட்டும் சொந்தமில்ல போல.

ராஜ்தூத் 350 பத்தியும் ஒருத்தரு கேட்டாரு. அது யமஹா ஆர்டி 350தான். 1983ல எஸ்கார்ட்ஸ் கொண்டாந்தப்ப மைலேஜ் இல்ல, சாமான் வெலை தாங்காதுன்னு எல்லாரும் ஒதுங்குனாங்க. இன்னைக்கு அதே வண்டிக்கு கேக்கற வெலைல அரை ஏக்கரு தென்னந்தோப்பு குத்தகைக்கு எடுக்கலாம். அன்னைக்கு ஒதுங்குனவனும் இன்னைக்கு தேடறவனும் பல நேரத்துல ஒரே ஆளு, அதான் சிரிப்பு.

நவம்பர் 24

நேத்து போட்டதுக்கு எங்க லைன்ல இருக்கற பங்காளி ஒருத்தன் போன் பண்ணி திட்டுனான். அலுமினியம் காஸ்டிங் பண்றவன். "நீ லேத்துல எஜ்டி புஷ்ஷு கடையறதே பெரிய பாரம்பரியம்னு நெனைக்காத. 1200 சிசி வி ஃபோர் எஞ்சின நம்மாளுங்க காசுல, நம்மாளுங்களும் சேந்து பண்ணிருக்காங்க, 206 குதிரை சக்தி. நார்ட்டனோட அந்த மேங்க்ஸ் ஆர் வண்டில நாலு வருசம் உக்காந்து வேலை கத்த பசங்க நாளைக்கு அப்பாச்சிக்கு எஞ்சின் போடுவாங்க. பார்ட்ஸ் கெடைக்குதா இல்லையாங்கறத வெச்சு அத அளக்க முடியுமா?"

இவன் சொல்றதுல நாயம் இருக்கு. 153 கோடிக்கு பேர வாங்காம ஓசூர்லயே உக்காந்து வி ஃபோர் பண்றோம்னு சொல்லிருந்தா, கம்பெனிக்குள்ளயே "எவன் வாங்குவான்"னு கேட்டு ஃபைல மூடிருப்பாங்க. நார்ட்டன்ங்கற பேரு அந்த செலவுக்கு ஒரு சாக்கு. நம்மகிட்ட செய்யத் தெரிஞ்ச ஆளு எப்பவும் இருந்தாங்க, செய்ய விடறதுக்கு சாக்குதான் கெடைக்கல. இத நான் மொத நாளே யோசிச்சிருக்கணும்னு பங்காளி நெனைக்கறான். நெனைச்சுட்டுப் போறான், சாயங்காலம் பரோட்டா அவன் செலவு.

ஆனா அவனோட கட்சிலயும் ஒரு ஓட்டை. வண்டி ரோட்டுக்கு வந்து ரெண்டு மழை பாத்த பின்னாடிதான் எஞ்சின் நல்ல எஞ்சினா இல்லையான்னு தெரியும். கண்காட்சி மேடைல எந்த வண்டியும் ஆயில் ஒழுகறதில்ல.

நவம்பர் 27

"பழைய மாடல் மாதிரி புது வண்டி வாங்கி ஏமாந்தவங்க இருக்காங்களா"ன்னு கேட்டதுக்கு: எங்க தம்பி முறைல ஒருத்தன் இருக்கான். கம்பெனி பேரு சொல்ல மாட்டேன், ஜாவாவா எஜ்டியான்னு தோண்ட வேண்டாம், இங்க பேசாத வண்டியாக் கூட இருக்கலாம். முன்னாடி மட்கார்டு வளைஞ்சு போச்சு, ஆடு குறுக்க வந்து. மட்கார்டுக்கு எழுதிப் போட்டான். பொங்கலுக்கு வரும்னாங்க, மாரியம்மன் நோம்பிக்கு வரும்னாங்க, ஆடிக்கு வரும்னாங்க. கடைசில பொள்ளாச்சில தகர வேலை செய்யற ஆசாரி ஒருத்தரு தட்டி நிமித்தி, பெயிண்ட் அடிச்சு, பழசவிட நல்லாவே பண்ணிக் குடுத்தாரு. ஆடு நல்லாத்தான் இருக்கு, கேட்டவங்களுக்காக சொல்றேன்.

டிசம்பர் 4

தீபத்துக்கு ஊருக்குப் போயிட்டு வந்து பாத்தா கோபி தம்பி நேரா கேட்டிருக்காரு: "அண்ணா, இவ்வளவும் பேசிட்டீங்க, நார்ட்டன் அட்லஸ் நம்மூருக்கு வந்தா வாங்கலாமா வேண்டாமா?"

மிலன்ல காட்டுன அட்லஸ் 585 சிசி, ரெட்டை சிலிண்டர். 1962லயும் அட்லஸ்னு நார்ட்டன்ல ஒரு 750 இருந்துச்சு, அதுக்கும் இதுக்கும் பேரு மட்டும் ஒண்ணு. மேங்க்ஸ் ஆர் நம்ம சேதிக்கு இல்ல, அதப் பாத்துட்டு கும்புட்டுட்டு வந்துரலாம். அட்லஸ் கேட்டா, வந்த ஒடனே புக் பண்ணாதீங்க தம்பி. கோயமுத்தூர்லயோ ஈரோட்லயோ சர்வீஸ் எங்கன்னு மொதல்ல பாருங்க, டிவிஎஸ் கடை ஊருக்கு ஊரு இருக்குங்கறதால அங்கயே எடுத்துக்குவாங்கன்னு நீங்களா நெனச்சுக்காதீங்க, எழுத்துல கேளுங்க. அப்பறம் கவுண்டர்ல போயி மூணு சாமானுக்கு வெலையும் நாளும் கேளுங்க: கிளட்ச் கேபிள், முன்னாடி பிரேக் பேட், இடது பக்க இன்டிகேட்டர். வண்டிய பத்தி கேட்டா எல்லாரும் காப்பி குடுத்து பேசுவாங்க, இடது இன்டிகேட்டர் கேட்டாத்தான் மொகம் தெரியும். மூணுக்கும் ஒரு வாரத்துல வரும்னு சொல்லி, வேற யாருக்காச்சும் வந்தும் இருந்தா, வாங்குங்க, மொத ரவுண்டு செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்குல எனக்கு குடுத்துரணும்.

டிசம்பர் 7

அட்லஸ் பத்தி மேல மேல கேள்வி வேண்டாங்க, எனக்குத் தெரிஞ்சதெல்லாம் மேல இருக்கு.

எஜ்டிக்கு பிஸ்டன் கேட்ட பெருந்துறைக்காரருக்கு: உங்க சிலிண்டர் போர் எவ்வளவு, எத்தனாவது ஓவர்சைஸ் போட்டிருக்குன்னு மைக்ரோமீட்டர் வெச்சு அளந்து சொல்லுங்க, கண்ணால பாத்து சொல்லாதீங்க. ஸ்லீவு எங்கிட்ட கடைஞ்சு தரலாம், ரிங்கு உக்கடத்துல கேட்டு வெச்சிருக்கேன். சனிக்கிழமை பொழுதோட வந்தா நல்லது, ஞாயித்துக்கிழமை பங்காளி வீட்டுல கெடா வெட்டு.